ஒரே கம்பனியில் இருப்பவன் முட்டாளா?

2025 ஜூன் 8 – கேட்டவர் தெஹிவளையிலிருந்து ஒரு வாசகர்

எனக்கு 27 வயது. மென்பொருள் கம்பனி ஒன்றில் இரண்டு வருடம் முடியப் போகிறது. இன்னொரு இடத்தில் 40 வீதம் கூட்டித் தருகிறோம் என்கிறார்கள். அப்பா முகம் கொடுத்துப் பேசுகிறார் இல்லை. "வேலை பழக்கித் தந்தவனை விட்டுவிட்டு ஓடுகிறாயே" என்கிறார். 2022 பொருளாதார நெருக்கடியை நேரில் பார்த்த பிறகும் கொழும்பில் ஒருவன் ஒரே கம்பனிக்கு விசுவாசமாக இருக்கிறான் என்றால் அவன் முட்டாள் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஜூன் 8, இரவு

நீங்கள் தேடுகிற முட்டாள் நான்தான் தம்பி. 2009இல் யுத்தம் முடிந்த கையோடு கொள்ளுப்பிட்டியில் ஒரு இறக்குமதி நிறுவனத்தின் கணக்குப் பகுதியில் சேர்ந்தவன், 2023இல்தான் வெளியே வந்தேன். என்னோடு சேர்ந்தவர்களில் ஒருவர் மெல்பேர்ணில் இருக்கிறார், ஒருவர் டோஹாவில். இன்னொருவர் இங்கேயே இடம் மாறி மாறி, நான் இனி எட்ட முடியாத நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆனால் நான் அங்கே இருந்ததற்கு விசுவாசம் என்று பெயர் வைக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. அம்மாவுக்கு வருத்தம், மகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில், வெள்ளவத்தை வீட்டுக்கு மாதாமாதம் வாடகை. அதற்கு மேல் நேர்முகத் தேர்வு என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். இதையெல்லாம் கூட்டி மூட்டை கட்டி, மேலே "விசுவாசம்" என்று எழுதி ஒட்டியிருந்தேன். அதை முதலில் ஒட்டியது கம்பனி. எனக்கும் அது வசதியாகப் போய்விட்டது.

2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள் அல்லவா, அதற்கு முன் டொலர் 203 அளவில் இருந்தது, மே மாதம் 360 ஆகிவிட்டது. ஒன்றரை லட்சம் சம்பளக்காரன் ஒருவனின் 740 டொலர் இரண்டே மாதத்தில் 415க்கு இறங்கியது. பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, பதின்மூன்று மணி நேர மின்வெட்டு எல்லாம் ஒரு பக்கம். கம்பனியில் எங்களைக் கூட்டி வைத்து, நாங்கள் ஒரே குடும்பம், இந்த வருடம் சம்பள உயர்வு இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பொறுத்துக்கொண்டோம். சம்பளப் பட்டியல் என் மேசையைத் தாண்டித்தான் வங்கிக்குப் போகும். அதே காலாண்டில் புதிதாக எடுத்த பையனுக்கு என்னைவிடக் கூடுதல் சம்பளம் போட்டிருந்ததை, நானே சரிபார்த்துக் கையெழுத்து வைத்து அனுப்பினேன்.

அவனிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் வெளியிலிருந்து வந்ததால் சந்தை விலை கேட்டான், கொடுத்தார்கள். உள்ளே இருக்கிறவனிடம் யாரும் விலை கேட்பதில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 9, காலை, பஸ்ஸில்

நேற்று எழுதியதைப் பார்த்தால் நான் உங்கள் பக்கம் சாய்ந்த மாதிரி இருக்கிறது. இல்லை. நீங்கள் கணக்குப் பார்க்காமல் "முட்டாள்" என்று எழுதிவிட்டீர்கள், அதுதான் என் சண்டை. மாலையில் எழுதுகிறேன், இந்த 101இல் ஒரு கையால் தட்டுவது பெரும்பாடு.

ஜூன் 9, மாலை

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, வெளியே போகும்போது கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தில் பாதி, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும். நீங்களே விலகினாலும் கிடைக்கும். நான்கு வருடமும் பத்து மாதமும் என்றால் ஒரு சதமும் இல்லை. கடைசிச் சம்பளம் 1,20,000 என்று வையுங்கள். ஐந்து வருடம் முடிந்த மறுநாள் போனால் 60,000 பெருக்கல் 5, மூன்று லட்சம் ரூபாய். இரண்டு மாதம் பொறுமை இல்லாமல் மூன்று லட்சத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனவர்களின் கோப்பை நானே மூடியிருக்கிறேன்.

இன்னொரு கணக்கு. ஒருவர் பத்து வருடம் ஒரே இடம், கடைசிச் சம்பளம் 1,80,000. அவருக்கு ஒன்பது லட்சம். மற்றவர் ஐந்து வருடத்தில் 1,20,000க்கு விலகி மூன்று லட்சம் எடுத்துக்கொண்டு, அடுத்த இடத்தில் ஐந்து வருடம் இருந்து 2,40,000க்கு விலகுகிறார். இரண்டாவது இடத்தில் ஆறு லட்சம். கூட்டினால் அதே ஒன்பது லட்சம், ஆனால் மாதச் சம்பளம் 60,000 மேலே. ஆக, ஐந்தாவது வருடத்தைத் தாண்டிய பிறகு ஒரே இடத்தில் கிடப்பதற்கு இந்தச் சட்டம் தனியாக எதுவும் பரிசு தருவதில்லை. கடைசிச் சம்பளம் பெரிதாக ஏறினால்தான் லாபம்.

ஜூன் 10

தம்பியின் பதில் வந்திருக்கிறது: "பணிக்கொடை போனால் போகட்டும், எனக்கு ஈ.பி.எஃப். கூடுமே." சரியான பேச்சு. ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12, ஈ.ரி.எஃப். என்கிற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3. ஒரே இடத்தில் இருந்தவன் 1,80,000இல், மாறி மாறிப் போனவன் 3,00,000இல் என்று வையுங்கள். அந்த வித்தியாசத்துக்கு மட்டும் ஈ.பி.எஃப். மாதம் 24,000 கூடும், வருடத்துக்கு 2,88,000. இரண்டரை வருடத்துக்கு ஒரு தடவை மாறி மாறி அந்தச் சம்பளத்துக்கு வந்தவனுக்குப் பணிக்கொடை பூச்சியம்தான், என்றாலும் அவன் நட்டப்படவில்லை.

ஆனால் ஒன்று கேட்டுப் பாருங்கள். அந்த 40 வீதம் எங்கே ஏறுகிறது? அடிப்படைச் சம்பளத்திலா, பெற்றோல் படியிலா, "செயற்திறன் கொடுப்பனவு" என்று எச்.ஆர். பிள்ளைகள் இனிமையாகச் சொல்லும் அந்த வரியிலா? அடிப்படையை அப்படியே வைத்துவிட்டுக் கொடுப்பனவைக் கொழுக்க வைத்தால் ஈ.பி.எஃப்., பணிக்கொடை, வங்கிக் கடனுக்குக் காட்டும் வருமானம் எல்லாம் பழைய இடத்திலேயே நிற்கும். கடிதத்தை வாங்கிப் பாருங்கள், வாய்ப்பேச்சை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

வெளிநாட்டுக் கம்பனிக்கு நேரடியாக வேலை செய்து டொலரில் வாங்குகிறதாக இருந்தால் அது வேறு கதை. வங்கி வழியாக நாட்டுக்குள் வரும் அந்த வருமானத்துக்கு 2025 ஏப்ரலிலிருந்து உச்சம் 15 வீத வரி. உள்ளூர்ச் சம்பளத்துக்கு உச்சம் 36. கேட்க இனிக்கும். ஆனால் அங்கே பெரும்பாலும் நீங்கள் ஊழியர் கிடையாது, ஒப்பந்தக்காரர். ஈ.பி.எஃப். இல்லை, பணிக்கொடை இல்லை, நாளைக்கு மின்னஞ்சல் கடவுச்சொல் வேலை செய்யவில்லை என்றால் வழக்குப் பேச நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்தில் உங்களுக்குக் கதிரையும் இல்லை.

ஜூன் 13

"கோழி மேய்ச்சாலும் கோர்ணமேந்தில மேய்க்கோணும்" என்று உங்கள் அப்பா இன்னும் சொல்லவில்லையா? எங்கள் வீட்டில் அது காலைத் தேவாரம் மாதிரி. கோர்ணமேந்து என்றால் அரசாங்கம். சொன்னவர் என் பெரியப்பா. கொழும்புக் கோட்டையில் ஒரு அரசாங்கத் திணைக்களத்தில் எழுதுவினைஞர்.

அவருக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1980 ஜூலையில் 300 ரூபாய் சம்பள உயர்வு கேட்டுப் பொது வேலைநிறுத்தம். ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம், வேலைக்கு வராதவர்கள் தாங்களாகவே பதவியை விட்டவர்கள் என்று அறிவித்து, சுமார் 40,000 பேரை வீட்டுக்கு அனுப்பியது. பெரியப்பா அவர்களில் ஒருவர். கோழியும் போச்சு, கோர்ணமேந்தும் போச்சு. அதற்குப் பிறகு கொட்டாஞ்சேனையில் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்துத்தான் காலம் தள்ளினார். ஆச்சரியம் என்னவென்றால் பழமொழியை மட்டும் கடைசிவரைக்கும் விடவில்லை.

அப்பா கதை வேறு. புறக்கோட்டை கெய்சர் வீதியில் ஒரு புடவைக்கடையில் கணக்கப்பிள்ளை. 83 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் கடை எரிந்தது. முதலாளியும் அகதி முகாமில், அப்பாவும் அகதி முகாமில். பிறகு முதலாளி கடையைத் திரும்பத் திறக்கும்வரை மாதா மாதம் யாரிடமாவது ஒரு தொகை கொடுத்து அனுப்பியிருக்கிறார். அம்மா இதைச் சொல்லாத தீபாவளி இல்லை. அப்பா அந்தக் கடையிலேயே கிழவனானார், இரண்டு மடங்கு தருகிறேன் என்று பக்கத்துக் கடைக்காரர் கூப்பிட்டும் போகவில்லை. கடைசியில் முதலாளியின் மகன் கடையை விற்றபோது அப்பாவுக்கு ஒரு என்வலப் கிடைத்தது. ஈ.பி.எஃப். ஒரு நாளும் கட்டவில்லை. ஒரு ஊழியர் இருந்தாலும் கட்ட வேண்டும் என்பது சட்டம்.

இதில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். எரிந்த கடைக்குச் சம்பளம் அனுப்பியதும் சட்டப்படி கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட்டதும் ஒரே மனிதர். அப்பா இருந்தது அந்த மனிதருக்காக. மகன் காலத்தில் அந்த மனிதர் இல்லை. ஆனாலும் அப்பா இருந்தார்.

ஜூன் 13, பின்னிரவு

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: புரோக்கர்கள். 2016 அளவில் என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது வெள்ளவத்தைப் புரோக்கர் கேட்ட முதல் கேள்வி, "நிரந்தர வேலையா?" போன மாதம் ஒரு சொந்தக்காரப் பெண்ணுக்குப் பார்க்கிறார்கள், அதே மனிதர் கேட்கிறார், "பொடியனுக்கு வெளிநாடு போற எண்ணம் இருக்கோ?" சந்தை எங்கே போகிறது என்று மத்திய வங்கி அறிக்கைக்கு முன் புரோக்கருக்குத் தெரிந்துவிடுகிறது.

ஜூன் 17

பம்பலப்பிட்டி அக்கா ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார், சாரத்தைச் சொல்கிறேன். 2019 டிசம்பரில் பழைய இடத்தை விட்டு ஒரு சுற்றுலா நிறுவனத்துக்குக் கூடுதல் சம்பளத்துக்குப் போனார். மார்ச்சில் கொரோனா. பழைய இடத்தில் இருந்திருந்தால் பாதிச் சம்பளமாவது வந்திருக்கும் என்கிறார். புதிய இடத்தில், "நீங்கள் இன்னும் பயிற்சிக் காலத்தில்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அக்கா சொல்வதில் தம்பி கவனிக்க வேண்டிய விடயம் இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் உள்ள இடத்தில் ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த வேண்டுமானால் அவரது எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். இந்தப் பிராந்தியத்தில் கடுமையான சட்டங்களில் இது ஒன்று, முதலாளிமார் ஐம்பது வருடமாகத் திட்டுகிறார்கள். ஆனால் முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 180 நாள் வேலை செய்திருந்தால்தான் அது உங்களுக்குக் குடை. புதிதாகச் சேர்ந்த முதல் அரை வருடம் நீங்கள் மழையில்.

நட்டஈடும் சேவைக்காலத்தைத்தான் பார்க்கும். முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், ஆறாவதிலிருந்து பதினான்காவது வருடம்வரை இரண்டு மாதம், பிறகு இறங்கிக்கொண்டே போகும். பத்து வருடக்காரருக்கு இருபத்திரண்டரை மாதச் சம்பளம், ஆனால் 25 லட்சத்துக்கு மேல் போகாது என்று உச்சவரம்பு உண்டு. ஒரு வருடக்காரருக்கு இரண்டரை மாதம். சட்டம் பழையவனைத்தான் பிடித்து வைத்திருக்கிறது. அதனால்தான் ஆட்குறைப்பு வந்தால் கம்பனிகள் சட்டப்படி விண்ணப்பம் போடுவதைவிட, உங்களைத் தனியறைக்குக் கூப்பிட்டு, "நீங்களே ராஜினாமாக் கடிதம் தாருங்கள், நல்ல சான்றிதழ் தருகிறோம்" என்பார்கள். கடிதம் கொடுத்தால் அதுதான் அந்த எழுத்துமூலச் சம்மதம். பத்துப் பன்னிரண்டு வருட விசுவாசத்தை அரைப் பக்கக் காகிதத்தில் கரைத்துவிட்டு வந்தவர்கள் இந்த ஊரில் நிறைய.

அந்தப் பாதிச் சம்பளம் பற்றிக் கேட்டவருக்கு: 2020 மே மாதம் தொழில் அமைச்சு, முதலாளிமார், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் சேர்ந்து செய்த உடன்பாடு அது. வேலைக்குக் கூப்பிடாத ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபாய், எது கூடவோ அது.

ஜூன் 18

சின்ன விடயம், ஆனால் முதல் வருடத்தில் வலிக்கும். கடை மற்றும் காரியாலய ஊழியர் சட்டப்படி சேர்ந்த வருடத்தில் வருடாந்த லீவு இல்லை. அடுத்த வருடம் கிடைப்பதும் நீங்கள் எந்த மாதம் சேர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்தது: மார்ச் முடிவதற்குள் என்றால் 14 நாள், ஜூனுக்குள் 10, செப்டெம்பருக்குள் 7, அதற்குப் பிறகு 4. ஒக்டோபரில் மாறிவிட்டு அடுத்த ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு இரண்டு வாரம் லீவு கேட்டால் எச்.ஆர். சிரிக்கும். சில கம்பனிகள் தாங்களாகவே முதல் நாளிலிருந்து கொடுக்கும், அதைக் கடிதத்தில் போடச் சொல்லுங்கள்.

ஜூன் 22

என் மச்சான் வங்கியில் இருக்கிறார். "நான் 20 வருட விசுவாசி" என்று மார்தட்டுவார். 2022 கடைசியில் அவருக்கு வேறு வங்கியில் நல்ல பதவி ஒன்று வந்தது, போகவில்லை. குடும்பம் முழுக்கப் புகழ்ந்தோம். பிறகு ஒருநாள் இரண்டு போத்தல் பியருக்குப் பிறகு உண்மையைச் சொன்னார். ஊழியருக்கான சலுகை வட்டியில் வீட்டுக் கடன் எடுத்திருக்கிறார். விலகினால் அன்றைக்கே அது சந்தை வட்டிக்கு மாறும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளி கூட்டியது ஞாபகமா? அரசாங்கம் கடன் வாங்கும் திறைசேரி உண்டியலின் வட்டியே 30 வீதத்தைத் தொட்ட வருடம் அது. புதிய பதவியின் சம்பள உயர்வு முழுவதையும் வட்டி விழுங்கி ஏப்பம் விட்டிருக்கும்.

அவர் செய்தது கெட்டிக்காரத்தனம். நான் குறை சொல்லவே மாட்டேன். அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்து, வேலை மாறின தன் சொந்தத் தம்பியை நாலு பேர் முன்னால் ஏசுகிறாரே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தம்பி, உங்கள் அப்பாவுக்கும் இப்படி ஏதாவது கடன் இருந்ததா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். சண்டைக்குக் கேட்காதீர்கள்.

ஜூன் 24

"2022க்குப் பிறகு" என்று எல்லாரும் எழுதுகிறோம், ஆனால் 2022 யாரை அடித்தது என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். அந்த வருடம் ஈ.பி.எஃப். கொடுத்த வட்டி 9 வீதம். செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். முப்பது வருடம் ஒரே இடத்தில் இருந்து சேர்த்தவருக்கும் ஆறு இடம் மாறிச் சேர்த்தவருக்கும் ஒரே 9தான். இங்கே கம்பனி விசுவாசம் காப்பாற்றவும் இல்லை, கம்பனித் தாவல் காப்பாற்றவும் இல்லை. ரூபாயில் சேமித்த எல்லாரும் ஒன்றாக நனைந்தோம். அந்த ஒரு வருடத்தில் வெளிநாட்டு வேலைக்குப் பதிவு செய்து போனவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். அவர்கள் விட்டுப் போனது கம்பனியை மட்டும் இல்லையே.

அரசாங்கமே என்ன செய்தது? "போய் டொலர் அனுப்புங்கள்" என்று அரச ஊழியருக்கு ஐந்து வருடம் சம்பளமில்லா லீவு கொடுத்தது, சேவைமூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பழுது வராது என்றும் சொன்னது. ஓய்வு வயதை 65 என்று உயர்த்திவிட்டு, அந்த வருடம் முடியும்போது 60க்கே இறக்கியது. பெரியப்பா இருந்திருந்தால் பழமொழியை அன்றைக்காவது மாற்றியிருப்பாரா என்றால், நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

ஜூன் 29

சென்ற வாரம் பழைய கம்பனியிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் எடுத்தாள். 2018இல் ஒரு இறக்குமதிக்கான வங்கிக் கடன்கடிதத்துக்கு ஏன் இப்படிப் பதிவு போட்டிருக்கிறது என்று கணக்காய்வாளர் கேட்கிறாராம். முக்கால் மணி நேரம் இருந்து விளக்கினேன். மனைவி, "அங்கே இருந்து வந்து எவ்வளவு காலம், இன்னும் அவர்களுக்குச் சம்பளம் இல்லாமல் உழைக்கிறீர்கள்" என்றாள்.

அந்தப் பிள்ளையை வேலைக்குப் பழக்கியது நான். எனக்குப் பழக்கியவர் ஒரு சிங்கள ஐயா, இப்போது இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது என் பதிவேட்டில் லீவு போடாமல் மாதக் கணக்கை அவரே இரவில் இருந்து முடித்தார். கம்பனிக்கு அது தெரியவே தெரியாது. தம்பியின் அப்பா "வேலை பழக்கித் தந்தவன்" என்றது இப்படி ஒரு ஆளைத்தான் என்று நினைக்கிறேன், "பழக்கித் தந்தது" என்று அவர் சொல்லவில்லை. அப்படி ஒருவர் உங்களுக்கு அங்கே இருக்கிறாரா? இருந்தால் கம்பனியை விடுங்கள், அவரை விட வேண்டாம். விலகல் கடிதம் எச்.ஆருக்குப் போகும் முன் அவரிடம் நேரே போய்ச் சொல்லுங்கள், கையில் இருக்கும் வேலையை ஒழுங்காக எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். கொழும்பு சின்ன ஊர். பத்து வருடம் கழித்து அவர் உங்களை நேர்முகத் தேர்வு செய்யும் மேசையில் இருப்பார், இல்லாவிட்டால் நீங்கள் அவர் மகனை.

மாறுவது சும்மா இனிக்கிற விடயம் என்றும் நினைக்க வேண்டாம். நாற்பது தாண்டிய பிறகு புதிய இடத்தில் போட்டோகொப்பி மெஷின் எங்கே என்று கேட்டு நிற்பது ஒரு தினுசான அவமானம். பழைய இடத்தில் யாரைப் பிடித்தால் சுங்கத்தில் கோப்பு நகரும் என்று எனக்குத் தெரியும். புதிய இடத்தில் அந்த அறிவுக்குப் பெறுமதி இல்லை, அவர்கள் இறக்குமதியே செய்வதில்லை. அங்கே இருந்த காலத்தில் நான் கற்றதில் பாதி அந்தக் கட்டடத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் சங்கதி. கம்பனி தந்த சம்பளம் குறைவு என்பதைவிட இதுதான் எனக்கு உறைத்தது. இருக்கிற இடத்தில் புதிதாக எதையும் கற்காமல் ஒரு வருடம் போனால் வேறு இடம் பார்க்கத் தொடங்கலாம் என்று இப்போது பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சம்பளம் அதற்கு அடுத்தது. சரி, வாடகை கட்ட முடியாவிட்டால் சம்பளம் முதலாவது.

ஜூலை 3

மேலே 15 பேர், 15 பேர் என்று எழுதிக்கொண்டே போனேன். புறக்கோட்டையில் வேலை செய்யும் ஒருவர் கேட்கிறார், "அண்ணே, எங்கட கடையில எட்டுப் பேர், எங்களுக்கு?" பணிக்கொடைச் சட்டத்தின் கணக்கு உங்களுக்கு நேரடியாக வராது, தொழில் நியாய சபைக்குப் போய்த்தான் கேட்க வேண்டும். ஆனால் ஈ.பி.எஃப். உங்களுக்கும் உண்டு, கடையில் ஒருவர் இருந்தாலும் உண்டு. கட்டாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம்.

ஹட்டன், நுவரெலியாப் பக்கமிருந்து வந்து கடை மேல்மாடியிலேயே படுத்து எழும்பி வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இந்த இழையே ஒரு நையாண்டி மாதிரி இருக்கும். சாப்பாடு, படுக்கை, முதலாளி, அடையாள அட்டை எல்லாம் ஒரே கட்டடத்தில். அவன் வேலை மாறுவது என்றால் வீடும் மாற வேண்டும். மென்பொருள்காரர்கள் "நெகிழ்வு" என்று பேசும்போது இவனையும் ஒருக்கால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 11

தம்பி திரும்ப வந்திருக்கிறார். விலகுகிறேன் என்று சொன்னதும் இருக்கிற கம்பனி 25 வீதம் கூட்டித் தருகிறதாம், "நீ எங்களுக்கு முக்கியம்" என்றார்களாம். அப்பா இப்போது பேசுகிறாராம். என்ன செய்யலாம் என்கிறார்.

நேற்றுவரை முக்கியம் இல்லாதவர் இன்றைக்கு எப்படி முக்கியமானார் என்று கேட்க எனக்கு வாய் துடிக்கிறது, ஆனால் அது உங்களுக்கு உதவாது. என் அபிப்பிராயம்: போங்கள். 25க்கும் 40க்கும் உள்ள வித்தியாசத்துக்காக இல்லை. ஜூன் 10இல் நான் கேட்டதற்கு நீங்கள் கடிதத்தின் விபரத்தைப் போட்டிருக்கிறீர்கள், புதிய இடத்தில் உயர்வு அடிப்படைச் சம்பளத்தில் ஏறுகிறது, வேலையும் நீங்கள் இதுவரை தொடாத வேலை. பழைய இடத்தின் 25 "அடுத்த மீளாய்வில் பார்ப்போம்" என்று வாய்ச்சொல்லாகத்தான் நிற்கிறது. மீளாய்வு என்ற சொல்லோடு எனக்குப் பழைய கணக்கு இருக்கிறது, அதைத் திரும்பவும் கிளற விருப்பமில்லை.

அக்கா எச்சரித்ததை மறக்க வேண்டாம். முதல் 180 நாளுக்கு மூன்று மாதச் செலவுக்கான காசு கையில் இருக்கட்டும், புதுக் கைப்பேசியை அதற்குள் தவணையில் எடுத்துவிடாதீர்கள்.

பணிக்கொடையில் நீங்கள் இழப்பது எதுவும் இல்லை, இரண்டு வருடம்தானே. இதையே நான்கரை வருடத்தில் வந்து கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

ஜூலை 12

கேட்க மறந்தேன் என்று தம்பி இரவு எழுதிய கேள்விக்கு: ஆம், புதிய கம்பனி புதிய ஈ.பி.எஃப். அங்கத்துவ இலக்கம் தரும். பழைய இலக்கத்தில் இருக்கும் காசு எங்கேயும் போகாது, வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். பழைய ஈ.பி.எஃப். அங்கத்துவ அட்டையான பி கார்ட்டையும் வருடாந்தக் கூற்றையும் பத்திரமாக வைத்திருங்கள், தேசிய அடையாள அட்டை இலக்கமும் பெயரும் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதல் கூற்று வந்ததும் பாருங்கள். தமிழ்ப் பெயரை ஒவ்வொரு எச்.ஆரும் ஒவ்வொரு விதமாக எழுதிவைப்பார்கள், பிறகு கணக்குகளை ஒன்றாக்க நீங்கள்தான் அலைய வேண்டும். ஈ.ரி.எஃப். காசை வேலை மாறும்போது எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான், ஆகவே இப்போது அவசரம் இல்லை என்றால் தொடாமல் விடுங்கள்.

அப்பாவை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். கடன் விடயம் கேட்டீர்களா?